மாமியின் திருமணப் படமும் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பெருமையும்

என் கணவரின் தாயான மாமி தொண்ணூறு வயதை நெருங்குகிறார். அதையொட்டிக் குடும்ப வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுப்பது என்று முடிவு செய்தோம். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு மெல்பேர்ன் வந்து சேர்ந்து, இத்தாலியின் தென்முனையான கலாப்ரியாவிலிருந்து குடியேறிய ஒருவரின் மூத்த மகனைக் கைப்பிடித்தவள். மற்றவர்களுக்கு நேரமில்லை என்பதாலும், மாமி என்னிடம் தயக்கமின்றிப் பேசுவார் என்பதாலும், எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற பேச்சு எழுந்ததும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. இளையவர்கள் பாட்டியின் சமையல் குறிப்புகளையும், கோடை முடிவில் தக்காளிச் சாறு காய்ச்சும் நாளின் படங்களையும், கலாப்ரியாவின் மலையூர்க் காட்சிகளையும் கேட்டார்கள். மூத்தவர்கள் எதையும் கேட்கவில்லை. ஆனால் சிலவற்றைச் சேர்க்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். மாமாவின் சித்தப்பா போர்க்காலத்தில் தடுப்புமுகாமில் அடைக்கப்பட்டது, மாமா குடியேறிகள் முகாமில் வேலையின்றிக் கிடந்து போராட்டத்தில் இறங்கியது, மாமியின் திருமணம் மாப்பிள்ளை இல்லாமல் நடந்தது ஆகிய மூன்றும் வெளியே தெரிய வேண்டாம் என்றார்கள். இந்தக் குடும்பத்தின் பெருமை முழுவதும் அவர்கள் மறைக்க விரும்பிய அந்த மூன்றிலும் அடங்கியிருக்கிறது என்பதே என் எண்ணம். அதை நூலில் வாதிட்டு எழுத முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா ஊரை விட்டுப் புறப்பட்டது 1920களின் நடுப்பகுதியில். தெற்கு இத்தாலியர் வழக்கமாகப் போகும் அமெரிக்காவின் கதவு அப்போது ஏறக்குறைய மூடப்பட்டிருந்தது. முதலாம் உலகப் போருக்கு முன்னர் ஓராண்டிலேயே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அங்கே இறங்கிய காலம் உண்டு. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டமோ ஆண்டொன்றுக்கு 3,845 இடங்களை மட்டும் இத்தாலிக்கு ஒதுக்கியது. அதனால் பலர் அவுஸ்திரேலியாவை நோக்கித் திரும்பினார்கள். சித்தப்பா குயின்ஸ்லாந்தின் வடக்கே இங்காம் பகுதியில் கரும்பு வெட்டப் போனார்.

அந்தக் கரும்புத் தோட்டங்களுக்கு அதற்கு முன்பே நீண்ட வரலாறு இருந்தது. 1863 முதல் 1904 வரை பசிபிக் தீவுகளிலிருந்து ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் குயின்ஸ்லாந்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலர் ஏமாற்றியும் வலுக்கட்டாயமாகவும் கப்பலேற்றப்பட்டவர்கள். 1901இல் வெள்ளையர் அல்லாதவரின் குடியேற்றத்தைத் தடுக்கும் ‘வெள்ளை அவுஸ்திரேலியா’க் கொள்கை சட்டமானபோது அந்தத் தீவு மக்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்ப முடிவாயிற்று. அவர்களது இடத்தை நிரப்ப ஐரோப்பியத் தொழிலாளர்களைத் தேடும் முயற்சி அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1891இல் ‘ஜும்னா’ என்ற கப்பலில் வட இத்தாலியர் முந்நூறுக்கும் மேற்பட்டோர் டவுன்ஸ்வில்லில் வந்து இறங்கியது அதன் முதற்படி. எங்கள் சித்தப்பா வெட்டிய கரும்பு, பிறரை வெளியேற்றிய நிலத்தில் நின்ற கரும்பு. அதுவும் அதற்கு முன்னர் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம். அவர் அதற்குப் பொறுப்பாளி அல்லர். ஆனாலும் அவரைப் பற்றி எழுதும் பக்கத்தில் இதையும் இரண்டு வரியில் எழுதியே தீர வேண்டும் என்று நான் சொன்னபோது, என் மகள் உடனே ஒத்துக்கொண்டாள். என் கணவரின் தம்பிக்கு அதற்குச் சில வாரங்கள் பிடித்தன.

இத்தாலியர் வந்த பிறகும் நிம்மதி இருக்கவில்லை. 1925இல் குயின்ஸ்லாந்து அரசு வடபகுதிக் குடியேறிகளைப் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. வட இத்தாலியர் நல்ல குடியேறிகள், தென்னித்தாலியர் தாழ்ந்தவர்கள் என்று அந்த அறிக்கை ஒரு நாட்டு மக்களையே இரண்டாகத் தரம் பிரித்தது. 1930இல் கரும்பு வெட்டும் குழுக்களில் பிரிட்டிஷ் வம்சத்தவருக்கே முன்னுரிமை என்ற உடன்பாடும் வந்தது. வேலையோ உயிரைக் குடிக்கும் வேலை. எலியின் சிறுநீர் பட்ட கரும்பிலும் சேற்றிலும் இருந்து எலிக்காய்ச்சல் பரவி வெட்டுக்காரர்கள் செத்தார்கள். வெட்டுவதற்கு முன் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்தால் எலிகள் ஒழியும், நோயும் குறையும். ஆனால் எரித்த கரும்பைத் தாமதமின்றி ஆலைக்கு அனுப்பாவிட்டால் சர்க்கரைச் சத்துக் குறையும் என்பதால் முதலாளிகள் அதை விரும்பவில்லை. ‘முதலில் எரியுங்கள், பிறகு வெட்டுகிறோம்’ என்ற ஒரே கோரிக்கைக்காக 1934இலும் 1935இலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. இத்தாலிய வெட்டுக்காரர்கள் அவற்றில் முன்வரிசையில் நின்றார்கள். வெளிநாட்டவன் கூலியைக் குறைப்பவன் என்று ஏசப்பட்ட அதே மனிதர்கள், எல்லாத் தொழிலாளரின் உயிரையும் காக்கும் கோரிக்கைக்காகச் சம்பளத்தை இழந்து நின்றதை விடப் பெரிய பெருமையை ஒரு குடும்பம் வேறு எங்கே தேடும்?

1940 யூன் 10ஆம் திகதி இத்தாலியின் பாசிச ஆட்சியாளர் முசோலினி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியதும் இந்த நாட்டில் இருந்த இத்தாலியர் ஒரே இரவில் எதிரிகள் ஆனார்கள். போர்க்காலத்தில் ஏறத்தாழ 4,700 இத்தாலியர் தடுத்து வைக்கப்பட்டனர். குயின்ஸ்லாந்தில் இருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்களும் தப்பவில்லை. பாசிசத்தை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அரசியலே தெரியாதவர்களும் ஒரே முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். சித்தப்பா தெற்கு அவுஸ்திரேலியாவில் லவ்டே முகாமில் இருந்தார். அவருடைய மனைவி, ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாத பெண், சின்னப் பிள்ளைகளோடு தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டார். வடக்குக் குயின்ஸ்லாந்தில் அவரைப் போல நூற்றுக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். விடுதலையாகி வந்த பிறகு சித்தப்பா அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லையாம். ‘பொலிஸ் பிடித்துப் போன வீடு’ என்ற பெயர் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த மௌனம் அடுத்த தலைமுறைக்கும் இறங்கி, அவர் ஏதோ தவறு செய்திருப்பார் போலும் என்ற ஐயமாகவே மாறிவிட்டது.

தேசிய ஆவணக் காப்பகத்தில் தடுத்து வைக்கப்பட்டோரின் கோப்புகள் இருக்கின்றன; விண்ணப்பித்தால் பார்க்கலாம். என் கணவர் அந்தக் கோப்பை எடுத்தார். அதில் ஒரு படமும் விரலடையாளங்களும் இருந்தன, உயரம், எடை, தொழில் என்று சில குறிப்புகளும் இருந்தன. குற்றம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இருக்கவில்லை. பிறந்த நாடு இத்தாலி என்பதே காரணம். கோப்பின் நகலை மேசையில் விரித்து வைத்தபோது குடும்பத்தில் மூத்தவர்களின் எதிர்ப்பு பாதி தணிந்தது. அந்தப் படம் இப்போது நூலின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

மாமா வந்தது அடுத்த அலையில். 1947இல் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த இத்தாலியில் பிறந்தோர் முப்பத்து நாலாயிரத்துக்கும் குறைவு. 1971இல் அந்தத் தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சத்துத் தொண்ணூறாயிரம். இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது போருக்குப் பிந்திய தென்னித்தாலியின் வறுமை. கலாப்ரியாவில் நிலம் பெருநிலக்கிழார்களிடம் குவிந்து கிடந்தது. 1949 ஒக்டோபர் 29ஆம் திகதி மெலிஸ்ஸா என்ற ஊரில், தரிசாகக் கிடந்த பண்ணை நிலத்தில் இறங்கி உழுத விவசாயிகள் மீது பொலிசார் சுட்டதில் மூவர் இறந்தார்கள். 1951 ஒக்டோபரில் பெய்த அடைமழையும் வெள்ளமும் அஸ்ப்ரோமொந்தே மலைச்சரிவில் இருந்த ஊர்களைச் சிதைத்தன. ஆப்ரிக்கோ என்ற ஊர் அடியோடு கைவிடப்பட்டு, மக்கள் கடற்கரையோரத்தில் புதிதாகக் குடியமர்த்தப்பட்டார்கள். எங்கள் குடும்பத்தின் ஊர் முற்றாக அழியவில்லை என்றாலும், பாட்டன் படிப்படியாகக் கட்டி வைத்திருந்த ஒலிவ் மேட்டில் பாதி மண்ணோடு போயிற்று. அதே ஆண்டு அவுஸ்திரேலியாவும் இத்தாலியும் உதவிக் குடியேற்ற உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டிருந்தன. பயணச் செலவின் பெரும்பகுதியை அரசுகள் ஏற்கும். வந்தவர் இரண்டு ஆண்டுகள் அரசு சொல்லும் இடத்தில் சொல்லும் வேலையைச் செய்ய வேண்டும். இருபத்து மூன்று வயதில் மாமா அந்தத் தாளில் கையெழுத்து வைத்தார்.

வேலை இருக்கிறது என்று அழைத்து வந்தார்கள். வந்து பார்த்தால் வேலை இல்லை. 1952இல் நாட்டின் பொருளாதாரம் தளர்ந்ததால், போனகில்லா குடியேறிகள் முகாமில் இத்தாலிய இளைஞர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் உள்ள அந்த இடம் முன்னாள் இராணுவ முகாம். தகரக் கொட்டகைகளும் பனிக்காலக் குளிரும் நாள் தவறாத ஆட்டிறைச்சியுமாக இருந்ததென்று மாமா சொல்வார். 1947 முதல் 1971 வரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் வழியாக இந்த நாட்டுக்குள் வந்தார்கள். அந்த 1952 யூலையில் இத்தாலியர் ‘வேலை கொடுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள்’ என்று கோரிப் போராட்டத்தில் இறங்க, இராணுவம் வரவழைக்கப்பட்டது. மாமா அந்தக் கூட்டத்தில் ஒருவர். நன்றி கெட்டவர்கள் என்று பத்திரிகைகள் எழுதிவிடும் என்ற அச்சம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. முதியவரான பிறகும் அந்தக் கதையைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஒப்பந்தத்தில் எழுதியதைக் கேட்டவர் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். போனகில்லா 2007இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகு பேரப்பிள்ளைகள் அவரை அங்கே அழைத்துப் போனார்கள். கொட்டகை ஒன்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ள அவர் மறுக்கவில்லை.

இனி மாமியின் திருமணம். இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்கு அதிக விருப்பமும் அதிகத் தயக்கமும் இருந்தன.

1950களில் அவுஸ்திரேலியாவில் இருந்த இத்தாலிய ஆண்களின் தொகை பெண்களின் தொகையை விடப் பெரிதும் மிகுந்திருந்தது. ஊருக்குப் போய்ப் பெண் பார்த்துவரப் பெருந்தொகை செலவாகும். திருமணமாகாத மகளைத் தனியாக ஒரு மாதக் கப்பல் பயணத்தில் அனுப்பக் கலாப்ரியாவில் எந்தத் தகப்பனும் துணியமாட்டார். இந்த இரண்டு முடிச்சையும் அவிழ்த்தது பிரதிநிதித் திருமணம். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமும் இத்தாலியச் சட்டமும் அதை ஏற்றிருந்தன. மணமகன் கடல் கடந்த நாட்டிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்புவார். அவருடைய அண்ணனோ தம்பியோ தகப்பனோ ஆலயத்தில் அவர் இடத்தில் நின்று சம்மதம் சொல்வார். மணமகள் அந்த நிமிடம் முதல் சட்டப்படியான மனைவி. பிறகு அவர் கடவுச்சீட்டு எடுத்துக் கப்பலேறுவார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான இத்தாலியப் பெண்கள் இப்படித்தான் அவுஸ்திரேலியாவுக்கு வந்தார்கள்.

மாமிக்கு அப்போது இருபத்தொரு வயது. மாமாவைச் சிறுவயதில் ஊர்த் தெருவில் பார்த்த நினைவு மங்கலாக இருந்ததாம். அதற்கு மேல் அவரிடம் இருந்தவை கடிதங்களும் ஒரு படமும் மட்டுமே. 1958இல் ஊர் ஆலயத்தில் மாமாவின் தம்பி அவர் பக்கத்தில் நின்றார். மணச்சாப்பாடு நடந்தது, ஆடல் நடந்தது, இரவில் மாமி தன் தாயின் பக்கத்தில் படுத்துத் தூங்கினார். சில மாதங்களுக்குப் பிறகு மெஸ்ஸினாவில் கப்பலேறினார். போர்ட் சயிட், சுயெஸ் கால்வாய், ஏடன், கொழும்பு, பிரிமாண்டில் என்று நின்று நின்று வரும் வழி அது. கொழும்பில் கப்பல் நின்ற நாளில் இறங்கிச் சற்றுத் தூரம் நடந்ததாகவும், பயணம் முழுவதிலும் தான் தரையில் கால் வைத்த ஒரே இடம் அதுதான் என்றும் மாமி சொல்வார். நான் மருமகளாகப் போகிறேன் என்று தெரிந்தபோது, இந்தப் பெண்ணின் நாட்டை உறவுக்காரர் எவரையும் விட முன்னதாகப் பார்த்தவள் நான் என்று அவர் தன் சகோதரிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தத் திருமணத்தை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாயை அடைத்தவர் மாமி.

மெல்பேர்னின் ஸ்டேஷன் துறைமேடையில் கப்பல் அணைந்தபோது, கீழே நூற்றுக்கணக்கான ஆண்கள் கையில் படத்தைப் பிடித்துக்கொண்டு மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில ஆண்கள் பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தை அனுப்பியிருந்தார்கள். வேறொருவரின் படத்தை அனுப்பியவர்களும் உண்டு என்று அக்காலப் பெண்கள் பலர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கப்பலில் மாமியோடு நட்பான ஒரு பெண் தன் கணவரைக் கண்டதும் இறங்கமாட்டேன் என்று அழுதாராம். மாமியின் நல்வினை, மாமா படத்தில் இருந்தபடியே இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பெட்டியில் மடித்துக் கொண்டுவந்த மணவுடையை மீண்டும் உடுத்திப் படப்பிடிப்பு நிலையத்துக்குப் போய் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தப் படம். ஆலயத்தில் எடுத்த படம் பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தப் படத்தை அவர் ஏன் மறைத்தார் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. அவுஸ்திரேலியர் அதைக் கேலி செய்தார்கள்; அஞ்சலில் வந்த மனைவி என்றார்கள். பின்னர் அவருடைய சொந்தப் பிள்ளைகளே பள்ளிப்பருவத்தில் அதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்தார்கள். அந்தப் பெண்களின் துணிவை இந்தக் கேலி தொடவே இல்லை. மொழி தெரியாத நாட்டுக்கு, திரும்பி வரக் காசு இல்லாமல், ஒரு படத்தையும் ஒரு குடும்பத்தின் வாக்கையும் நம்பிக் கப்பலேறி, இறங்கிய சில வாரங்களுக்குள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்திலேயே ஊருக்குப் பணம் அனுப்பியவர் என் மாமி. இத்தாலியக் குடியேற்ற வரலாற்றை எழுதும்போது பாலம் கட்டிய ஆண்களும் அணை கட்டிய ஆண்களும் முதலில் வருகிறார்கள். மெல்பேர்னின் பிரன்ஸ்விக் புறநகரில் நெசவு ஆலைகளில் நின்ற பெண்களும், துண்டுக்கு இத்தனை சதம் என்ற கணக்கில் நள்ளிரவு வரை வீட்டில் தையல் இயந்திரத்தை மிதித்த பெண்களும் அடிக்குறிப்பாகிப் போகிறார்கள். எங்கள் நூலிலாவது அந்த வரிசை மாறட்டும்.

தக்காளி நாளைப் பற்றி இளையவர்கள் ஆசைப்பட்டபடியே நிறைய எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதுவும் உண்மையான பெருமைதான். பெப்ரவரி முடிவிலோ மார்ச் தொடக்கத்திலோ, தக்காளி மலிந்து பழுத்துச் சிவந்திருக்கும் வாரம் பார்த்து, பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, பின்வளவில் துணி விரித்து இரண்டொரு நாள் ஆறப் போடுவார்கள். விடியற்காலையில் கழுவி, அழுகலை வெட்டி நீக்கி, பிழியும் இயந்திரத்தில் போடுவார்கள். ஒரு பக்கம் சாறும் மறுபக்கம் தோலும் விதையும் வரும், அந்தத் தோலை இன்னொரு முறை போட்டு எஞ்சிய சாற்றையும் எடுப்பார்கள். தொடக்கத்தில் கையால் சுற்றும் இயந்திரம் இருந்தது. பின்னர் மாமா பழைய உடுப்புத் துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றி அதில் பொருத்தினார். சேர்த்து வைத்த பியர் போத்தல்களில் ஒவ்வொரு பேசில் (துளசி இன) இலை போட்டுச் சாற்றை நிரப்பி, மூடியை அழுத்தி, 44 கலன் இரும்புப் பீப்பாவுக்குள் பழந்துணிகளை இடையிடையே வைத்து அடுக்கி, நீர் ஊற்றி விறகு மூட்டிக் கொதிக்க வைத்து, இரவு முழுவதும் அப்படியே ஆற விட்டுவிடுவார்கள். மறுநாள் வெடித்த போத்தல்களை எண்ணுவது பிள்ளைகளின் வேலை.

இன்று அது கொண்டாட்டம். படம் எடுக்கிறோம், நண்பர்களை அழைக்கிறோம். மாமிக்கு அது கணக்கு. குளிர்காலத்தில் எழுபது எண்பது வேளைச் சாப்பாட்டுக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை என்ற கணக்கு. கடையில் அவர்களுக்கு வேண்டியது கிடைக்காத காலமும் அதுவே. ஒலிவ் எண்ணெயை மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் வாங்க வேண்டியிருந்த நாடு இது. வளவில் கத்தரி, அவரை, அத்தி, திராட்சைப் பந்தல் எல்லாம் வந்தது இந்தத் தேவையால். அயலவர்கள் முன்வளவில் புல் வளர்த்தபோது இவர்கள் தக்காளி நட்டார்கள் என்று தெருவில் பேச்சு எழுந்தது. பாணுக்குள் மோர்த்தடெல்லா வைத்துக் கொண்டுபோன என் கணவர், பாடசாலையில் மற்றப் பிள்ளைகளின் இழிசொல்லுக்கு அஞ்சிக் கழிவறைக்குப் பின்னால் நின்று சாப்பிட்டவர். அதே இறைச்சியை அதே தெருவில் இன்று மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை.

பெயர் பெற்றவர்களையும் குறிப்பிடத்தான் வேண்டும். மெல்பேர்னில் 1931இல் இத்தாலியக் குடியேறிகளுக்குப் பிறந்த சேர் ஜேம்ஸ் கொபோ விக்டோரியா மாநில உச்சநீதிமன்ற நீதிபதியாகி, 1997இல் அந்த மாநிலத்தின் ஆளுநரானார். 2022இல் பிரதமரான அன்டனி அல்பனீசியின் தந்தை புலியா மாகாணத்தின் பார்லெத்தாவைச் சேர்ந்தவர். இவர்களை எண்ணி மகிழ்கிறேன். ஆனால் ஆளுநர்களையும் பிரதமர்களையும் எண்ணிப் பார்ப்பதோடு பெருமை முடிந்துவிட்டால், முழங்கால் தேய்ந்து போகும் வரை கொங்கிரீட் போட்ட என் மாமாவுக்கு அதில் இடம் இல்லை.

எனக்கு உறுத்துகின்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 குடிசன மதிப்பீட்டில் பதினொரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம்மை இத்தாலிய வம்சாவளியினர் என்று பதிந்தார்கள். அந்தப் பதினொரு இலட்சத்தில், படகில் வந்தவர்களைப் பற்றியும் புதிதாக வருபவர்களைப் பற்றியும் கடுமையாகப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். எங்கள் குடும்ப மேசையிலும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ‘எங்கள் பெரியவர்கள் ஒழுங்காக வந்தார்கள், உழைத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை’ என்பார்கள். ஒன்றும் கேட்கவில்லையா? எரியுங்கள் என்று கேட்டார்கள், வேலை கொடுங்கள் என்று கேட்டார்கள், அவர்கள் கேட்டதால்தான் பின்னால் வந்தவர்களுக்கும் சில கிடைத்தன. தென்னித்தாலியர் தாழ்ந்தவர்கள், கூட்டமாக வாழ்பவர்கள், இந்த நாட்டோடு ஒட்டமாட்டார்கள் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன சொற்களைத் தமிழ் அகதி மீதும் ஆப்கானியர் மீதும் எடுத்து வீசுபவர் தன் பாட்டனின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது. இந்தப் பந்தி நூலில் வேண்டாம் என்று ஒருவர் கேட்டார். மாமியிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, துறைமேடையில் தன்னைப் பார்த்துச் சிரித்த சுங்க அதிகாரியின் முகத்தை இன்னும் மறக்கவில்லை என்றார். பந்தி நூலில் இருக்கிறது.

2025இல் இத்தாலி தன் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கியது. முன்பு எத்தனை தலைமுறை கடந்தாலும் வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமை கோரலாம். இப்போது பெரும்பாலும் பெற்றோர், பாட்டன் பாட்டி என்ற எல்லைக்குள் அது நின்றுவிடுகிறது. பூட்டப்பிள்ளைகளுக்கு இனிக் கிடைக்காது என்று குடும்பத்தில் சிலர் வருந்தினார்கள். ஐரோப்பாவில் வேலை செய்ய உதவும் கடவுச்சீட்டு போய்விட்டதே என்ற வருத்தம் நியாயமானது. மாமா பத்து விரலாலும் சேர்த்துத் தந்தவற்றை அந்தச் சட்டம் தொடவில்லை.

நூல் இப்போது அச்சகத்தில் இருக்கிறது. ஆலயத்தில் எடுத்த திருமணப் படத்தைச் சேர்ப்பதற்கு மாமி நீண்ட நாள் இசையவில்லை. வற்புறுத்த வேண்டாம் என்று நான் விட்டுவிட்ட பிறகு, ஒரு நாள் அவரே படத்தை எடுத்து வந்து கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாமாவின் இடத்தில் நின்ற தம்பியின் பெயரை முழுமையாக, மாமாவின் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்றார். அண்ணன்மார் எல்லோரும் கப்பலேறிய பிறகு பெற்றோரைப் பார்க்க ஊரிலேயே தங்கிவிட்டவர் அவர். வெள்ளத்தில் போன ஒலிவ் மேட்டைக் கல் கல்லாக மீண்டும் கட்டியவரும் அவரே. நாங்கள் அனுப்பிய பணம் ஊரில் நின்றது அவர் கையால்தான், அவரை விட்டுவிட்டு எங்கள் பெருமையை எழுதாதே என்றார் மாமி. அச்சகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தப் பக்கத்தை மாற்றச் சொன்னேன். கலாப்ரியாவில் இருக்கும் அவருடைய பிள்ளைகளுக்கு அனுப்பப் பத்துப் பிரதிகள் கூடுதலாகவும் கேட்டிருக்கிறேன்.